முழுப்பேர் கேட்டு ஒரு வொயிஸ்

கணினி டிப்ளோமா படிக்கிற பிள்ளைகள் ஈமெயில் திறக்க மாட்டார்கள். இதை நான் பதினொரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பதுளை டவுனில் ஒரு தொழிற்கல்லூரியில் எழுதுவினைஞர் வேலை எனக்கு. பாடம் சொல்லிக்கொடுப்பதில்லை. நேர அட்டவணை, விடுமுறை அறிவித்தல், பரீட்சை விண்ணப்பம் என்று மேலேயிருந்து வருவதைப் பிள்ளைகளிடம் சேர்ப்பிக்க வேண்டும். சேர்ப்பித்தாயா என்று என்னிடம் கேட்பார்கள். பிள்ளைகள் பார்த்தார்களா என்று ஒருவரும் கேட்டதில்லை.

சேருகிற அன்றே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஈமெயில் முகவரி திறந்து கொடுப்போம். கடவுச்சொல்லைக்கூட நானே ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தேன், மறந்துவிட்டேன் என்று வந்து நிற்பார்கள் என்று. ஒருவரும் வந்து நிற்கவில்லை. மறப்பதற்கு முதலில் திறக்க வேண்டும் அல்லவா? இரண்டு வருடம் ஒழுங்காக அனுப்பினேன். ஒரே ஒரு பதில் வந்தது. அதுவும் பிள்ளையிடமிருந்து இல்லை, பெட்டி நிரம்பிவிட்டது என்று இயந்திரம் அனுப்பியது.

பிறகு கல்லூரிக்கு இணையத்தளம் செய்தார்கள். கீழே ஒரு மூலையில் எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும். எண்ணிக்கை தினமும் ஏறியது. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. ஒரு வாரம் நான் லீவில் நின்றேன். திரும்பி வந்து பார்த்தால் அது ஏறவேயில்லை. அத்தனை நாளும் வந்து போனது நான்தான்.

அறிவித்தல் பலகைக்கு வருவார்கள், அது உண்மை. ஆனால் நின்று வாசிக்க மாட்டார்கள். போனைத் தூக்கி ஒரு படம் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். அரை மணி நேரத்தில் என் கையெழுத்து போட்ட அறிவித்தல் யாரோ ஒருவனின் ஸ்டேட்டஸில் நிற்கும், அழுகிற முகம் ஒன்று ஒட்டி. நான் அழைப்பு எடுத்தால் வெட்டிவிடுவார்கள். வெட்டிய கையோடு "என்ன மிஸ்?" என்று எழுதுவார்கள். எடுத்துக் காதில் வைத்தால் கடித்துவிடுவேனா?

கடைசியில் வட்ஸ்அப் குரூப்புக்கு நானும் வந்தேன். அங்கும் நான் செய்தது பிழையாம். தமிழில் ஒழுங்காகத் தட்டச்சு செய்து, இலக்கம் போட்டு, ஒரு பக்கத்துக்கு அறிவித்தல் எழுதினேன். பின்வரிசையில் இருந்து வாயடிக்கும் ஒருவன் அடுத்த நாள் அலுவலக ஜன்னலில் தலையை நீட்டினான்.

"மிஸ், அவ்வளவு நீளத்துக்கு எழுதுனா யாரு வாசிக்கிறது? வொயிஸ் ஒன்னு தட்டி விடுங்க."

"நான் என்ன ரேடியோவா?"

"ரேடியோன்னா நடுவுல பாட்டாச்சும் போடும் மிஸ்."

பின்னால் நின்றதுகள் சிரித்தன. நான் அவனைத் துரத்தினேன். ஆனால் அன்று பின்னேரமே வொயிஸ் அனுப்பினேன். முப்பத்திரண்டு பேரில் முப்பது பேர் உடனே கேட்டார்கள். அதிலிருந்து எல்லாம் வொயிஸ்தான். லிங்க் அனுப்பினால் ஒருவரும் தொடமாட்டார்கள். வொயிஸ், இல்லாவிட்டால் படம். சோம்பேறிகள் என்று நினைத்தேன். வீட்டிலும் பக்கத்து மேசையிலும் அப்படித்தான் சொன்னேன்.

அந்த வருட இறுதிப் பரீட்சைக்கு முன்பு பிள்ளைகளுக்குப் படிப்பு விடுமுறை விட்டிருந்தோம். ஒருநாள் காலை பத்து மணிக்குக் கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து ஈமெயில் வந்தது. விண்ணப்பத்தில் பிள்ளைகள் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் போட்டிருக்கிறார்கள், பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் உள்ளபடி முழுப் பெயர் வேண்டும், இன்று நான்கு மணிக்குள் அனுப்பு, வராத பெயருக்கு அனுமதி அட்டை அச்சடிக்க மாட்டோம். அந்த விண்ணப்பங்கள் இரண்டு மாதமாக அவர்கள் மேசையில் கிடந்தன. அவசரம் மட்டும் கீழே இருப்பவர்களுக்கு. அட்டை இல்லாவிட்டால் அடுத்த பரீட்சைக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

எனக்கு ஆத்திரம். அந்த ஆத்திரத்தோடு போனை எடுத்து வொயிஸை அழுத்தினேன்.

"ஆபீஸ்ல இருந்து பேசுறேன். எல்லாரும் இன்னைக்கு முழுப்பேர் குடுக்கணும். அரைப்பேர் எடுக்க மாட்டோம். நாலு மணிக்கு முந்தி குடுக்காதவங்கள லிஸ்ட்ல இருந்து வெட்டிருவேன். அப்புறம் வந்து என்கிட்ட அழக்கூடாது."

அரைப்பேர் என்று நான் சொன்னது பகிடிக்கு. தேயிலைத் தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. சொன்ன அளவு கொழுந்து எடுத்துக் கொடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். சம்பளமும் அப்படியே. அந்த வகுப்பில் முக்கால்வாசிப் பிள்ளைகளின் தாய்மார் கொழுந்து எடுக்கிறவர்கள். என் அம்மாவும் எடுத்தார். நான் பிறந்ததே தோட்டத்து வரிசை வீட்டில், ஒரு லயத்துக் காம்பராவில்தான். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே பெயரை அனுப்புவார்கள் என்று நினைத்தேன்.

சிரித்தார்கள். பெயர்களும் வந்தன. அடையாள அட்டையைப் படம் பிடித்து அனுப்பினார்கள், சிலர் பத்திரத்தையே அனுப்பினார்கள். மூன்று மணிக்கு முப்பத்தொரு பெயர் கையில் இருந்தது. ஒன்று குறைந்தது.

அது ஸ்பிரிங்வெளிப் பக்கமிருந்து வருகிற பிள்ளை. இரண்டாம் வரிசை. நன்றாகப் படிப்பாள், வாய் திறக்க மாட்டாள். அவளுடைய இலக்கத்திலிருந்து வந்தது ஒரு கட்டை விரல் அடையாளம் மட்டும். நான் வொயிஸ் அனுப்பிய சில நிமிடங்களிலேயே வந்திருந்தது. சரி, அனுப்பப் போகிறாள் என்று இருந்தேன். இரண்டு மணிக்கு "எங்கே பெயர்?" என்று எழுதினேன். ஒரு சரி அடையாளத்தோடு நின்றது, போய்ச் சேரவில்லை. அழைப்பு எடுத்தேன், தொடர்பு எல்லைக்கு அப்பால். மூன்று தரம் எடுத்தேன். மழை வேறு பெய்துகொண்டிருந்தது.

விரலைக் காட்டிவிட்டுப் போனை நிறுத்திவிட்டாள் என்று முடிவு கட்டினேன். நான்கு மணிக்கு முப்பத்தொன்றை அனுப்பினேன். அவளுடைய வரியில் "பதில் இல்லை" என்று எழுதினேன். சொன்னேன், செய்தேன் என்ற திருப்தியோடு குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனேன். இதை மறைக்க ஒன்றுமில்லை. அன்று எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது.

மறுநாள் விடிந்து ஏழு மணியாகவில்லை. அவளுடைய வொயிஸ் வந்தது. மூச்சு வாங்கியது, மேடு ஏறி வந்திருக்கிறாள்.

"மிஸ், நேத்து இருட்டினப்புறம்தான் மிஸ் கேட்டேன். என் பேர அனுப்பிட்டீங்களா?"

"நேத்து விரலைக் காட்டுனியே, பகிடியா?"

"அது நான் இல்ல மிஸ். அது அம்மா."

எனக்கு விளங்கவில்லை. அடுத்த வொயிஸில் வேறு குரல்.

"மிஸ், நாந்தான் அவ அம்மா. நீங்கதானே முழுப்பேர் வேணும்னு சொன்னீங்க? நான் கொழுந்து எடுத்துக் குடுத்துட்டேனே! மழைக்குப் பத்து பன்னெண்டு பொம்பளைங்க பகலோட அரைப்பேருக்கு எறங்கிட்டாளுக. நீங்க வெட்டிருவேன்னு சொன்ன பயத்துல நான் ஒருத்தி நின்னு நனைஞ்சேன். இப்ப இவ என்னைய கொல்றா. நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க."

அதை நான் இரண்டு முறை கேட்டேன். தேநீர்த் தண்ணீர் கொதித்து வழிந்து அடுப்பை அணைத்தது.

அவர்களை ஆபீசுக்கு வரச் சொன்னேன். பத்தரை மணி பஸ்ஸில் தாயும் மகளும் வந்து இறங்கினார்கள். பிள்ளையின் முகம் வீங்கியிருந்தது. தாய்க்கு என் வயதுதான் இருக்கும், ஆனால் என்னைவிடத் தெம்பானவர். பிறப்புப் பத்திரத்தைப் பொலித்தீன் உறையில் சுற்றி, சேலைக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"போன் உங்ககிட்ட ஏன் இருந்திச்சு?" என்று கேட்டேன்.

பிள்ளைதான் பதில் சொன்னாள். அவள் அவ்வளவு நேரம் பேசி அன்றுதான் கேட்டேன்.

"எங்க லயத்துல சிக்னல் இல்ல மிஸ். அம்மா கொழுந்தெடுக்கிற மலையில இருக்கு. காலையில போனை அம்மாகிட்ட குடுத்து விட்டுருவேன். மேல போனோன்ன எல்லாம் வந்து விழும். அம்மா கீழ கொண்டாந்தா நான் பார்ப்பேன். வொயிஸ்னா விழுந்துரும், படம்னா விழுந்துரும். அப்புறம் சிக்னல் இல்லாட்டியும் பார்க்கலாம். லிங்க் போட்டீங்கன்னா கீழ வந்தோன்ன தொறக்காது. ஈமெயிலும் அப்படித்தான்."

"இத ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கல மிஸ்."

பக்கத்து மேசைக்காரர் தலையைக் குனிந்து தன் பைலைப் புரட்டினார். சோம்பேறிகள் என்று நான் சொன்னதை அதிகம் கேட்டவர் அவர்தான்.

தாயிடம் கேட்டேன், காலேஜ் குரூப் என்று தெரியவில்லையா என்று.

"ஐயோ மிஸ், இப்ப எங்களுக்கும் குரூப்பு இருக்கு. காலம்பற எந்த மலைன்னு கங்காணி அதுலதான் வொயிஸ் போடுறாரு. முந்தி மாதிரி ஆள் கூட்டுற பெரட்டுக்களத்துல நின்னு கத்துறது இல்ல. நீங்க ஆபீஸ்ல இருந்து பேசுறேன்னீங்க. எங்களுக்கு ஆபீஸுன்னா ஒரே ஆபீஸுதான். புதுசா ஒரு அம்மா வந்துருக்கு, கொஞ்சம் வாய்க்காரி போலன்னு நெனைச்சேன். கங்காணிக்கு வெரலு போடுற மாதிரி உங்களுக்கும் ஒன்னு போட்டேன். மழை வலுத்தோன்ன மலைக்கு அங்கிட்டுப் பக்கம் விட்டாங்க. அங்க சிக்னல் கிடையாது."

"வாய்க்காரியா?"

"பின்ன? வெட்டிருவேங்கிறீங்க, அழக்கூடாதுங்கிறீங்க. எங்க கங்காணியே அப்படிப் பேச மாட்டாரு."

நான் சிரித்துவிட்டேன். பிள்ளை சிரிக்கவில்லை. மேசையிலிருந்த முப்பத்தொரு பெயர்ப் பட்டியலையே பார்த்துக்கொண்டு நின்றாள். "மிஸ், இந்த வருஷம் எழுத ஏலாதா?" என்று மட்டும் கேட்டாள். தாய் அவளைத் திரும்பிப் பார்த்தார். முதல் நாள் பகலோடு இறங்கியிருந்தால் போன் ஒரு மணிக்கு மகள் கைக்குப் போயிருக்கும், அவள் மலையேறிப் பெயரை அனுப்பியிருப்பாள். வழக்கமாக மழைக்கு இறங்குகிற பெண்தான் அவர். இறங்கவிடாமல் நிறுத்தியது என் வொயிஸ்.

பத்திரத்தின் பிரதியை எடுத்துக்கொண்டு அதிபரின் அறைக்குப் போனேன். அவர் சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசுவார், நிதானமானவர். நடந்ததைச் சொன்னேன். பட்டியல் போய்விட்டதால் இனி சேர்க்க வேண்டுமானால் காரணம் எழுதிக் கடிதம் அனுப்ப வேண்டும் என்றார்.

"என்ன காரணம் எழுதப் போறீங்க மிஸ்?"

"என் பிழைன்னு."

"அது உங்க பைலுக்குப் போகும். பிள்ளை பதில் தரவில்லை, இப்ப தந்திருக்குன்னு எழுதினா உங்களுக்குப் பிரச்சினை இல்லை."

"அப்படி எழுதினா சேர்ப்பாங்களா சேர்?"

"சேர்க்க மாட்டாங்க" என்றார்.

எனக்கும் அது தெரிந்துதான் கேட்டேன். பிள்ளையின் பிழை என்றால் பிள்ளைதான் காத்திருக்க வேண்டும். ஆபீஸின் பிழை என்றால் ஆபீஸ் திருத்த வேண்டும். சட்டம் அவ்வளவுதான். பைலைப் பற்றி எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் பொய். அடுத்த வருடம் தரம் உயர்வுக்கு என் பெயர் போக இருந்தது.

"முழுப்பேர்னா அப்படி என்ன?" என்று அதிபர் கேட்டார். விளக்கினேன். முதலில் சிரித்தார். மழையில் அந்தப் பெண் நின்றதைச் சொன்னபோது சிரிப்பை நிறுத்திவிட்டார்.

கடிதத்தை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். பேர் என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? மூன்று தாளைக் கிழித்தேன். கடைசியில் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, மாணவியின் இலக்கத்துக்கு அனுப்பிய குரல் செய்தியின் வார்த்தைகளை எழுதுவினைஞர் கவனமின்றித் தெரிவு செய்ததால் செய்தி வேறு விதமாக விளங்கப்பட்டது, மாணவியிடம் தவறில்லை என்று எழுதினேன். அதிபர் "எழுதுவினைஞர்" என்ற இடத்தில் "அலுவலகம்" என்று மாற்றலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அலுவலகம் என்று எழுதினால் யார் என்று கேட்டு இன்னொரு கடிதம் வரும். அதற்கு ஒரு வாரம் போகும். நாள் இல்லை.

தாயும் மகளும் இரண்டு மணி பஸ்ஸுக்குப் போனார்கள். போகும்போது தாய் சொன்னார்:

"மிஸ், திட்டாதீங்க, ஒன்னு சொல்றேன். இனிமே காலேஜ்ல இருந்து பேசுறேன்னு மொதல்ல சொல்லிட்டு அப்புறம் ஏசுங்க."

மூன்று நாள் பதில் இல்லை. இரண்டு முறை கொழும்புக்கு அழைப்பு எடுத்தேன். ஈமெயில் பார்க்கச் சொன்னார்கள். அந்த மூன்று நாளில் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. குரூப்பில் இருந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக எழுதினேன். எங்கே இருந்து போன் பார்க்கிறாய், யாருடைய போன், எத்தனை மணிக்குக் கையில் கிடைக்கும். குரூப்பில் கேட்டால் ஒருவரும் சொல்ல மாட்டார்கள், வெட்கம். தனியாகக் கேட்டால் கொட்டுவார்கள். பூனாகலைப் பக்கத்துப் பையன் ஒருவன் கோவில் படியில் உட்கார்ந்தால்தான் சிக்னல் என்றான். பூசாரி அவனைப் பெரிய பக்திமான் என்று நினைக்கிறாராம். லுணுகலைப் பிள்ளை ஒருத்தி அண்ணனின் போனைப் பகிர்கிறாள். அண்ணன் பார்த்துவிடுவான் என்று என் செய்திகளை வாசித்தவுடன் அழித்துவிடுகிறாள். அழைப்பை ஏன் வெட்டுகிறாய் என்று வாயடிக்கும் பையனைக் கேட்டேன். ஒரே காம்பராவில் ஆறு பேர் இருக்கிறோம் மிஸ், நீங்கள் ஏசுவது எல்லாருக்கும் கேட்கும் என்றான். பதினொரு வருடத்தில் இதில் ஒன்றைக்கூட நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. கடவுச்சொல்லை மட்டும் எழுதி வைத்திருந்தேன்.

நாலாம் நாள் காலை ஈமெயில் வந்தது. இரண்டு பகுதி. முதல் பகுதி எனக்கு: விளக்கம் கேட்டுக் கடிதம் பின்னால் வரும். இரண்டாம் பகுதி அவளுக்கு: அட்டை அச்சாகிவிட்டதால் புதிதாக அடிக்க முடியாது, பரீட்சை மண்டபப் பட்டியலின் அடியில் கையால் எழுதிச் சேர்க்கப்படும், அடையாள அட்டையோடும் பத்திரத்தோடும் வர வேண்டும். அந்த இரண்டாம் பகுதியை மட்டும் படம் பிடித்தேன். தாய் மலையில் இருக்கிற நேரம் பார்த்து அனுப்பினேன். கூடவே ஒரு வொயிஸும்.

"காலேஜ்ல இருந்து பேசுறேன். உங்க மகள் பரீட்சை எழுதலாம். போன் கீழ போற வரைக்கும் காத்திருக்காதீங்க. யார்கிட்டயாவது சொல்லி அனுப்புங்க."

கொஞ்ச நேரத்தில் தாயின் குரல் வந்தது. பின்னால் நாலைந்து பெண்களின் சத்தம்.

"கேட்டுச்சு மிஸ்! இந்தா, லயத்து வழியா பங்களாவுக்குக் கீழ எறங்குற ஒருத்திகிட்ட சொல்லி விட்டுட்டேன். எல்லாரும் கேட்டாச்சு. இவளுக கேக்கிறாளுக, இந்த அம்மாதான் அன்னைக்கு வெட்டுறேன்னுச்சான்னு."

"ஆமான்னு சொல்லுங்க" என்றேன்.

விளக்கம் கேட்ட கடிதம் வந்தது, பதில் எழுதினேன். தரம் உயர்வு அடுத்த வருடம் வரவில்லை. அதற்கு இதுதான் காரணமா என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

பரீட்சை அன்று நான் மண்டப வாசலில் நின்றேன். எனக்கு அங்கே வேலை இல்லை. மேற்பார்வையாளர் ஒரு வயதான பெண், பட்டியலை விரலால் தடவிக்கொண்டே வந்து கடைசி வரியில் நின்றார். கையெழுத்தை உற்றுப் பார்த்தார், அடையாள அட்டையைப் பார்த்தார், பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். பத்திரத்தைத் திருப்பிப் பார்த்தார். பிழை என்னுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது.

"போ, கடைசி மேசை" என்றார் அவர்.

மேசை போதாமல் அவளுக்கென்று வேறு அறையிலிருந்து ஒன்று கொண்டுவந்து சுவரோரம் போட்டிருந்தார்கள். ஒரு கால் ஆடியது. அவள் ஒரு கடதாசியை மடித்து அதன் கீழ் வைத்தாள். அழுத்திப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து வினாத்தாளைத் திருப்பினாள்.